விட்டுக்கொடுத்தவனின் மனைவி

அந்தக் குஜராத்துப் பெண் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்ததும் பிரிசில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலியாம்! இவ்வளவு நேரம் அந்த வலி எங்கே போயிருந்தது? ஆளுக்கொரு செட் எடுத்தாயிற்று, மூன்றாவதில் ஐந்துக்கு நாலு என்று பிரிசில்லா முன்னால் வந்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு கேம், அதுவும் அவளே சர்வ் போட்டு முடிக்க வேண்டிய கேம், பக்கம் மாறுவதற்காக உட்கார்ந்த இந்த நேரம் பார்த்துத்தானா கால் பிசகும்? சேர் அம்பயர் மைக்கில் மெடிக்கல் டைம் அவுட் என்றார். பிசியோ பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஹேத்வி, அதுதான் அவள் பெயர், பத்தொன்பது வயசு, ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள், கல்யாணப் பெண் மெட்டி போட நீட்டுவதுபோல காலை நீட்டினாள். எல்லாம் மெதுவாக. எல்லாம் ஆற அமர. இவள் தோள் ஆறிப்போகட்டும், கை இறுகட்டும், உட்கார்ந்து யோசிக்கட்டும் என்றுதானே? யோசிக்கத்தான் கூடாது. ஓடிக்கொண்டே இருந்தால் மண்டைக்குள் ஒன்றும் கிடையாது, பந்து, கோடு, மூச்சு, அவ்வளவுதான். உட்கார வைத்தால் நேற்றைய தினம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். துவாலையைத் தலையில் போட்டுக்கொண்டாள். துவாலைக்குள்ளும் வெயில் வந்தது. உச்சி வெயில். பொம்பளைங்க மேட்ச் என்றால் இந்த நேரம்தான், மூணாம் நம்பர் கோர்ட்தான். காலையில் இருந்து இந்த செம்மண் டென்னிஸ் கோர்ட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் விடவில்லை. கேட்டதற்கு கிளப் ஆள் சிரித்துக்கொண்டே சொல்கிறான், டேங்க்ல கொஞ்சம்தாம்மா இருக்கு, சாயங்காலம் ஜென்ட்ஸ் மேட்ச்சுக்கு வேணும்லா, பெரியவங்கள்லாம் வாராங்க என்று. அவனுக்கு ஒரு அறை கொடுத்திருக்கலாம். தண்ணீர் விடாத செம்மண் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன, மேலே பொடி பறக்கும், அடியில் தரை காய்ந்து கிடக்கும், சறுக்கிப் போய் நிற்கிற இடத்தில் கால் நிற்காது, அதில்தான் அந்தப் பிள்ளை கால் பிசகியிருக்கும், நிஜமாகவே பிசகியிருக்கலாம், பாவம். பாவமாவது ஒன்றாவது. யாரையும் பாவம் என்று நினைக்கிற நிலைமையில் அவள் இல்லை. நேற்றிலிருந்து உலகமே ஒருத்தனைப் பாவம் பாவம் என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அவளுக்குக் கசந்துவிட்டது.

அந்த ஒருத்தன் பின்னால் கேலரியில் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்காமலே தெரியும் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று. முட்டிமேல் முழங்கை, கைகளுக்குள் தாடை, முகத்தில் ஒரு சாந்தம். கிளாட்சன். அவளுடைய புருஷன், அவளுடைய கோச், இதே போட்டியில் ஆண்கள் பிரிவில் நேற்று முதல் ரவுண்டிலேயே தோற்றுப்போனவன். அந்த சாந்தம்தான் அவளுக்கு ஆகவில்லை. தோற்றவன் தோற்றவன் மாதிரி இருக்க வேண்டாமா? இதற்கு முன்னால் எத்தனை தடவை தோற்றிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் ராக்கெட்டைத் தரையில் அடித்து, பையை எட்டி உதைத்து, ராத்திரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல், அதெல்லாம் அவளுக்குப் பழக்கம், அதற்கு மருந்து அவளிடம் இருக்கிறது. நேற்று அப்படி எதுவும் இல்லை. லாட்ஜுக்கு வந்தான், குளித்தான், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளுடைய ராக்கெட் ஒவ்வொன்றையும் எடுத்துப் பழைய கிரிப் டேப்பைப் பிரித்துப் புதுசு சுற்றினான். கேட்டாளா அவள்? இன்றைக்குக் காலையில் அவள் பையையும் அவனே தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கேட் பக்கம் நின்ற மற்ற ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். என்ன பார்வை அது! கொடுத்துவைத்தவள் என்கிற பார்வை. ஆறு வருஷமாக ஊர் ஊராகச் சேர்ந்து அலைந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பில் இரண்டு பேர் சாக்ஸையும் ஊறவைத்து, வீட்டுக்குப் போனால் வாஷிங் மெஷின்ல செம்மண்ணப் போடாதம்மா என்று அத்தை கத்துவாள் என்பதற்காகப் பின்கட்டில் கல்லில் அடித்துத் துவைத்து, அந்தச் சிவப்பு போகவே போகாது, இப்படியெல்லாம் இருந்தபோது ஒரு நாயும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்று பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறார்கள். ஏனென்றால் அவன் மார்க்கை அழித்துவிட்டானாம். அவளுக்காக.

மார்க். செம்மண் கோர்ட்டில் பந்து விழுந்த இடத்தில் ஒரு தடம் விழும், கட்டைவிரல் ரேகை பதிந்த மாதிரி. பந்து வெளியே என்று ஆட்டக்காரனுக்குத் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி விரலைத் தூக்கலாம், அம்பயர் இறங்கி வந்து குனிந்து தடத்தைப் பார்த்துச் சொல்வார், உள்ளே, வெளியே. அதற்கு முன்னால் ஆட்டக்காரனே காலால் தடத்தைத் தேய்த்து அழித்துவிட்டால் கதை முடிந்தது, பாயின்ட் எதிராளிக்கு, பந்து உள்ளேதான் என்று அவனே ஒப்புக்கொண்ட கணக்கு. செம்மண்ணில் ஆடுகிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நேற்று எதிராளிக்கு மேட்ச் பாயின்ட், இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் ஜெயித்துவிடுவான். அவன் அடித்த பந்து பின்கோட்டுப் பக்கம் விழுந்தது. கிளாட்சன் விரலைத் தூக்கினான். பிரிசில்லா கேலரியில் அந்தக் கோடியில் இருந்து பார்த்தாள், தடம் கண்ணுக்குத் தெரியவில்லை, விரல்தான் தெரிந்தது, விரல் தெரிந்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டாள், பந்து வெளியே, மேட்ச் இன்னும் இருக்கிறது. அம்பயர் ஏணியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கிளாட்சன் தடத்துக்குப் போனான், குனிந்தான், நிமிர்ந்தான், ஷூவால் தேய்த்துவிட்டு வலைக்கு நடந்துபோய் எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டான். அம்பயர் பாதி ஏணியில் அப்படியே நின்றார். கேலரியில் யாரோ அடப்பாவி என்றார்கள். பிரிசில்லா உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்துவிட்டாள். ஏனென்றால் இந்த வாரத்துக்கு என்று அவர்கள் இரண்டு பேருக்குள் ஒரு பேச்சு இருந்தது. அடுத்த மாசம் ஐரோப்பாவுக்குச் செம்மண் சீசனுக்கு ஒருத்தர்தான் போக முடியும். இரண்டு பேருக்குப் பணத்துக்கு வழியில்லை, எத்தனையோ தடவை உட்கார்ந்து பேசிப் பார்த்தாயிற்று. இந்தப் போட்டியில் யார் அதிக ரவுண்டு போகிறார்களோ அவர்கள் போகட்டும், மற்றவர் பாளையங்கோட்டையில் அந்த ஸ்கூல் அகாடமி வேலையை ஒத்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் ஒரே ரவுண்டில் தோற்றால் ராங்கிங்கில் மேலே இருக்கிற கிளாட்சன் போகட்டும். சிரித்துக்கொண்டேதான் கை குலுக்கினார்கள். சர்க்யூட்டில் ஊர் ஊராகப் போய் ஆடுகிற எல்லாருக்கும் இது தெரியும். அவன்தான் சொல்லியிருப்பான், வாயில் ஒன்றும் நிற்காது அவனுக்கு.

ஹேத்வியின் காலில் பிசியோ இப்போது வெள்ளை டேப் சுற்ற ஆரம்பித்தாள். சுற்று, நல்லா சுற்று, முட்டி வரைக்கும் சுற்று. பிரிசில்லா வாழைப்பழத்தை உரித்துப் பாதி தின்றுவிட்டு மீதியைப் பைக்குள் போட்டாள், அது அங்கே நசுங்கும், நசுங்கட்டும். பழக்கமாக இருக்குமோ? நேற்றிலிருந்து இதைத்தான் நூறு தடவை கேட்டுக்கொள்கிறாள். இரண்டு பேரும் பிராக்டிஸ் ஆடும்போது அம்பயர் ஏது, யார் பக்கம் விழுந்ததோ அவர்களே பார்த்து, உள்ளே என்றால் காலால் தேய்த்துவிடுவார்கள், வெளியே என்றால் ராக்கெட்டால் காட்டுவார்கள், வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அந்தக் கால், பழகின கால், மேட்ச் பாயின்ட் என்று தெரியாமல் போய்த் தேய்த்திருக்குமோ? அப்படியென்றால் அவன் ஒரு மடையன். மடையனோடு வாழ்ந்துவிடலாம். இல்லை, தெரிந்துதான் செய்தான், இவளுக்கு வழிவிட வேண்டும் என்று செய்தான் என்றால்? அப்போதுதான் நெஞ்செரிந்தது. யார் கேட்டது உன்னிடம்? ஆறு வருஷம் உன்னோடு சமமாக ஓடினேனே, உன் சர்வை வாங்கி வாங்கி இந்த மணிக்கட்டு வீங்கினதே, அது எதற்கு, நீ பிச்சை போட்டு நான் பிளேன் ஏறவா? ராத்திரி அத்தை ஃபோன் பண்ணினாள். அழுகை ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். “ஏம்மா பிரிசில்லா, அவன் உனக்காண்டி விட்டுக்குடுத்துட்டாம்மா. எந்த ஆம்பள செய்வான்? நீ அத மறந்துறாத, என்னா?” மறந்துறாத. அதுதான் விஷயம். மறக்க விட்டால்தானே? இனிமேல் சாகிற வரைக்கும், குழம்பில் உப்பு கூடினாலும், அவள் ஊருக்குப் போக ஒரு நாள் பிந்தினாலும், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், அந்த சாந்த முகத்தை மட்டும் வைத்துக்கொள்வான், அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கேயோ பெயர் தெரியாத ஊரில் ஜெயித்தாலும் அது அவன் கொடுத்தது. தோற்றால் அவன் கொடுத்ததை அவள் தொலைத்தது. நல்ல நியாயம்டா சாமி!

அப்போது அந்த யோசனை வந்தது. வந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. இப்போது போய் இரண்டு சர்வையும் தப்பாகப் போட்டுப் போட்டு நாலு டபுள் ஃபால்ட் கொடுத்தால்? வேண்டாம், இவ்வளவு அப்பட்டமாக வேண்டாம், இரண்டு பந்தை வலையில் அடி, இரண்டை வெளியே அடி, தானாகப் போய்விடும். இந்தா உன் தானம், நீயே வைத்துக்கொள். இரண்டு பேரும் முதல் ரவுண்டு, பேச்சுப்படி நீ போ, ராங்கிங்கில் பெரியவனே, நீ போ ஐரோப்பாவுக்கு. அவன் முகத்தில் இருந்து அந்த சாந்தம் வழிந்து போவதைப் பார்க்கலாம். ஆகா, எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் அந்த ஸ்கூல் கிரவுண்ட் கண்முன் வந்தது. கழுத்தில் விசில், தலையில் தொப்பி, பந்து நிறைந்த இரும்புக் கூடை, ராக்கெட்டை விட உயரம் குறைந்த பிள்ளைகள் வரிசையாக நின்று மூக்கு வழிய, காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற அம்மாமார் கண்ணாடியை இறக்கி, மிஸ், எங்க பையனுக்கு மட்டும் ஏன் கம்மியா பந்து போடுதீங்க என்று கேட்க. ஒவ்வொரு நாளும் அதே. அவளுக்கு இருபத்தெட்டு. இன்னும் இரண்டு மூன்று வருஷம் கால் ஓடும், அதற்குப் பிறகு கெஞ்சினாலும் ஓடாது. இந்த முட்டிக்குள் எப்போதும் ஒரு சத்தம் கேட்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்கூட. செம்மண்ணில் சறுக்கிப் போய் எட்டாத பந்தை எட்டுகிற அந்த ஒரு கணம், உடம்பு தரையில் இல்லாத அந்தக் கணம், அதற்காகத்தானே இத்தனை கூத்தும்? அதைக் கோபத்துக்குத் தூக்கிக் கொடுப்பதா? கொடுக்க மாட்டாள். ஜெயிக்கவும் வேண்டும், அது அவன் போட்டதாக இருக்கவும் கூடாது. இரண்டும் வேண்டும். எப்படி? தெரியவில்லை. தெரியாதது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தண்ணீர் பாட்டிலை நசுக்கினாள், மூடி தெறித்து அம்பயர் நாற்காலிக்கு அடியில் உருண்டது. அம்பயர் மேலிருந்து பார்த்தார். பார்த்தால் பாருங்கள்.

“பிரிசி.” பின்னால் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். கேலரியில் இருந்தே கோச் பேசலாம் என்று இப்போது சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள், அது ஒரு தொல்லை. “தண்ணி குடிச்சியா? அந்தப் புள்ளயால முன்னாடி ஓடி வர முடியாது. ரெண்டு டிராப் ஷாட் போடு, முடிஞ்சுது.” குரலிலும் அந்த சாந்தம். அவள் துவாலையை இழுத்துப் போட்டாள். வீட்டில் அத்தை முன்னால் நீங்க, மற்ற இடத்தில் எல்லாம் நீ, அதுதான் வழக்கம். “நேத்து அந்த மார்க்க ஏன் அழிச்ச நீ?” அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “இப்பவா? மேட்ச் முடியட்டும் பிரிசி, ரூமுக்குப் போய்ப் பேசுவோம்.” “இப்பத்தான். எனக்கு விட்டுக்குடுத்தியா, இல்ல பழக்கத்துல கால் போயிருச்சா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு. எதுன்னாலும் நான் உன்ன மன்னிக்கப் போறதில்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்.” அவன் கம்பியைப் பிடித்தான், விட்டான். “ரெண்டும் இல்ல,” என்றான். “பெறவு?” “பந்து உள்ள விழுந்துச்சு.”

அவளுக்கு முதலில் அது காதில் ஏறவே இல்லை. உள்ளே என்றால்? எதற்கு உள்ளே? “வெரலத் தூக்குறப்ப வெளியன்னுதான் நெனச்சேன்,” என்றான் அவன். “கிட்டப் போய்ப் பாத்தா கோட்டத் தொட்டுக்கிட்டுக் கெடக்கு. அம்பயர் வந்து பாத்தாலும் உள்ளதான். அவர எதுக்கு இறங்க வைக்கணும்னு அழிச்சுட்டேன். அவ்வளவுதான். அவன் நல்லா அடிச்சான், நான் தோத்துட்டேன்.” நூறு தடவை யோசித்தாளே, ஒரு தடவைகூட இது தோன்றவில்லையே! விரலைத் தூக்கினால் பந்து வெளியேதான் என்று எவ்வளவு நம்பியிருக்கிறாள் இந்த மனுஷனை. “அப்ப எல்லாவனும் சொல்லுதானே, அத்தை அழுதாளே, நீ ஏன் இல்லன்னு சொல்லல?” அவன் தரையைப் பார்த்தான். அந்த சாந்தம் இப்போது முகத்தில் இல்லை, அது போன இடத்தில் பழைய கிளாட்சன் இருந்தான், தோற்றால் சுவரைப் பார்த்துப் படுக்கிறவன். “சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். லாக்கர் ரூமுக்குள்ள போறேன், பயலுவ எல்லாம் எந்திரிச்சு நின்னு கை குடுக்கானுவ. ரெண்டு வருசமா எனக்கு ஒரு பய கை குடுக்கல பிரிசி. பெறவு அம்மா, எம்புள்ள பெரிய மனசுக்காரன்னு அழுதா. கேக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்.” அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது, அவனைக் கட்டிக்கொண்டு அழக்கூடத் தோன்றியது. ஆனால் அதற்கும் மேலே கோபம் கொதித்து வந்தது, நேற்றிலிருந்து இடம் தெரியாமல் ஹேத்வி மேலும் கிளப் ஆள் மேலும் வாழைப்பழத்தின் மேலும் அலைந்த கோபம், இப்போது இடம் கண்டுபிடித்துவிட்டது. அவன் கேட்பதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் ஆயுசு முழுக்கக் கடன்பட்டவளாக நடக்க வேண்டுமா? “ஃபோன எடு,” என்றாள். “அத்தைக்குப் போடு. பந்து உள்ளதான் விழுந்துச்சு, தோத்துட்டேன்னு சொல்லு.” “சாயங்காலம் சொல்லுதேன் பிரிசி, சத்தியமா.” “இப்ப. நான் ஜெயிக்கதுக்கு முன்னாடி சொல்லு. ஜெயிச்ச பெறவு சொன்னா அதுவும் நீ எனக்குக் குடுத்ததா ஆயிரும்.”

அம்பயர் டைம் என்றார். ஹேத்வி எழுந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள், நன்றாகத்தான் குதித்தாள், திருட்டு முண்டம். பிரிசில்லா கோர்ட்டைக் கடந்து தன் பின்கோட்டுக்குப் போனாள், மூன்று பந்து வாங்கினாள், ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள், ஒன்றை ஸ்கர்ட்டுக்குள் செருகினாள், கையில் இருந்ததைத் தரையில் தட்டிக்கொண்டே கேலரியைப் பார்த்தாள். கம்பி ஓரத்தில் அவன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காதுக்குக் கொண்டுபோகவில்லை. ஓரத்துக் கடிகாரத்தில் சர்வ் போட வேண்டிய நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தட்டினாள். தட்டினாள். போட மாட்டாள். அவன் சொல்கிற வரைக்கும் இந்தப் பந்தை மேலே எறிய மாட்டாள், யார் வந்து கேட்டாலும் சரி. “சொல்லிட்டியா?” என்று கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். கேலரியில் இருந்த பத்துப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று எழுந்து நின்று கை கொடுத்தவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். முதல் செட்டிலேயே நேரம் கடத்தியதற்கு அவள் ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தாள், அதனால் இந்தத் தடவை அம்பயர் எச்சரிக்கையோடு விடவில்லை, மைக்கைப் பிடித்து ஃபால்ட் என்றார். ஜெயிக்க வேண்டிய கேமில் முதல் சர்வ் போடாமலே போனது. போகட்டும். இரண்டாவதும் போனால் அதுவும் போகட்டும். அவள் தட்டிக்கொண்டே நின்றாள். அவன் ஃபோனைக் காதில் வைத்தான். “அம்மா,” என்றான், அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. “இல்லம்மா, அவ ஆடிக்கிட்டு இருக்கா. நேத்து பந்து உள்ளதாம்மா விழுந்துச்சு. இல்ல, யாருக்காண்டியும் இல்ல. நான் தோத்துட்டேன்மா.” கேலரியில் யாரும் கை தட்டவில்லை. பிரிசில்லா பந்தை மேலே எறிந்தாள்.